துவர்ப்பை ஆற்றும் கலை

“மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ரெண்டு, சர்க்கரை கம்மியா ஒண்ணு!” என்று ஒரே மூச்சில் குரல் வந்தாலும் டீ மாஸ்டர் தூள் டப்பா பக்கம் திரும்புவதில்லை. தூள் ஏற்கெனவே துணி வடிகட்டிக்குள் ஊறிக் கிடக்கிறது. டிகாஷனும் குவளையில் இறங்கிவிட்டது. அவர் மாற்றுவதெல்லாம் டிகாஷனுக்கும் பாலுக்கும் உள்ள விகிதத்தைத்தான். ஸ்ட்ராங் கேட்டவருக்கு டிகாஷன் கொஞ்சம் தூக்கலாக விழும், லைட் கேட்டவருக்குப் பால் தூக்கலாக விழும். தெருமுனைக் கடையில் டீ குடிக்கும் யாரும் தினமும் பார்ப்பதுதான் இது. இந்தச் சின்னக் கைமாற்றத்தில் நாக்குக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்று யோசிக்கத் தொடங்கினால், தேயிலையின் வேதியியலுக்குள் வெகுதூரம் போய்விடலாம்.

கடையின் விலைப் பலகையில் இஞ்சி டீ, ஏலக்காய் டீ, லெமன் டீ, பிளாக் டீ, கருப்பட்டி டீ, இப்போது கிரீன் டீயும்கூட இருக்கும். இத்தனைக்கும் அடியில் இருப்பவை இலையிலுள்ள பாலிஃபீனால் என்னும் துவர்ப்புச் சேர்மங்கள். அவற்றை எவ்வளவு நீருக்குள் இறக்குவது, எதனால் கட்டிப்போடுவது, எதை மேலே தூவி மறைப்பது என்பதில்தான் ஒரு கடையின் டீ இன்னொரு கடையின் டீயிலிருந்து வேறுபடுகிறது.

தேயிலைச் செடியின் தாவரவியல் பெயர் கமேலியா சைனென்சிஸ். பிளாக் டீ, கிரீன் டீ, ஊலாங், வெள்ளைத் தேயிலை எல்லாமே இந்த ஒரே இனத்தின் தளிர்தான். பறித்த பின் இலைக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. இளந்தளிரின் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பாலிஃபீனால்கள். அவற்றுள் பெரும்பாலானவை கேட்டச்சின்கள். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செடி சேமித்து வைத்திருக்கும் தற்காப்புப் பொருள் இது. செல்லுக்குள் கேட்டச்சின்கள் ஓர் அறையிலும், அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்து உருமாற்றும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கும். இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. இலையை நசுக்கினால் செல்சுவர் கிழிந்து இரண்டும் கலக்கின்றன, காற்று உள்ளே நுழைகிறது, பச்சை இலை செம்புநிறமாகிறது.

கிரீன் டீ செய்பவர்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. பறித்தவுடன் ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி நொதியைச் செயலிழக்க வைத்துவிடுகிறார்கள். அதனால் கேட்டச்சின்கள் அப்படியே நிற்கின்றன. பிளாக் டீயில் நொதியை வேலை செய்யவிட்டுச் சரியான நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். இடைப்பட்ட அந்த நேரத்தில் இரண்டு கேட்டச்சின் மூலக்கூறுகள் இணைந்து தியாஃபிளேவின் உருவாகிறது. பொன்னும் செம்மையும் கலந்த பளபளப்பான நிறத்தையும், நாக்கைச் சுண்டும் துவர்ப்பையும் தருவது இதுதான். உலர்ந்த தேயிலையில் இது 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். இதைவிடப் பெரியதும் சிக்கலானதுமான பழுப்புச் சேர்மங்களின் கூட்டம் ஒன்றும் உருவாகிறது. அதன் பெயர் தியாரூபிஜின். டிகாஷனின் அடர்த்தியும் கருஞ்சிவப்பும் பெரும்பாலும் அதனால் வருபவை. 1950-களில் இந்த இரு வகையையும் பிரித்தறிந்து பெயரிட்டவர் இ.ஏ.எச். ராபர்ட்ஸ். தேயிலையின் நிறத்தையும் துவர்ப்பையும் வேதியியலாகப் பேச வழிதிறந்தது அவருடைய வேலை. ஆனால் தியாரூபிஜின்களின் முழு அமைப்பு இன்றுவரை ஆய்வாளர்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு கிளாஸ் டீக்குள் ஆயிரக்கணக்கான வெவ்வேறு மூலக்கூறுகள் கலந்து கிடப்பதே காரணம்.

நம் டீக்கடைகளுக்கு வரும் தூளை உருவாக்கியது ஓர் எந்திரம். 1930 வாக்கில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் அஸ்ஸாமில் அமைத்த அது, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். அந்த மூன்று வேலைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சி.டி.சி.’ என்கிறார்கள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒன்று மற்றொன்றைவிடப் பத்து மடங்கு வேகத்தில் ஓடும். இடையில் சிக்கும் இலை கூழாகி, பிறகு குறுமணிகளாகிறது. செல்கள் ஏறக்குறைய மொத்தமும் உடைவதால் உருமாற்றம் வேகமாகவும் முழுமையாகவும் நடக்கிறது. இலை உருட்டிச் செய்யும் பழைய ‘ஆர்த்தடாக்ஸ்’ முறையில் மணம் நுட்பமாக நிற்கும், ஆனால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்த பிறகும் டீ டீயாகவே நிற்க வேண்டுமென்றால் சி.டி.சி.தான் வேண்டும்.

அதிலும் டீக்கடை விரும்புவது சல்லடையில் கடைசியாக விழும் ‘டஸ்ட்’ ரகத்தை. மலிவு என்பதால் மட்டும் அல்ல. துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடைத் தூளுக்கு மேற்பரப்பு இரட்டிப்பாகும். உள்ளிருக்கும் சாறு பரவி வெளியே வர எடுக்கும் நேரமோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது மாஸ்டருக்கு இந்தக் கணக்கு உயிர். தமிழ்நாட்டில் விற்கும் டஸ்ட்டில் கணிசமான பங்கு நீலகிரி, வால்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் ‘டான்டீ’ ஆனது. டீ கிளாஸைக் கையில் எடுக்கும்போது அந்த மனிதர்களின் நினைவு எனக்கு வந்துபோகும்.

தூள் நுண்ணியதாக இருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. இலையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும் கலப்படம், தூளில் தெரியாது. ஏற்கெனவே சாறு எடுத்த தூளை உலர்த்திச் சாயம் ஏற்றி மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். வடிதாளை நனைத்து விரித்து, அதன் மேல் ஒரு சிட்டிகை தூளைத் தூவிச் சிறிது நேரம் கழித்துத் தட்டிவிட்டுப் பாருங்கள். நல்ல தூள் தாளில் மங்கலான தடத்துக்கு மேல் எதையும் விடாது, அதன் நிறம் வெளியே வரச் சூடு வேண்டும். சாயம் ஏற்றிய தூளோ குளிர்ந்த நீரிலேயே பளிச்சென்ற புள்ளிகளாகவும் கோடுகளாகவும் கசியும்.

நல்ல தூள் கிடைத்த பிறகு எல்லாம் தண்ணீரின் கையில். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரில் போட்ட டீக்கு ஈடு இல்லை என்று பெருமை பேசுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கடினத்தன்மை குறைந்த நீரில் டீயின் நிறம் பிரகாசமாக இருக்கும். கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த போர்வெல் தண்ணீரில் பிளாக் டீ போட்டால் நிறம் மங்கிக் கருக்கும், மேலே மெல்லிய, எண்ணெய் போல மின்னும் படலம் ஒன்று மிதக்கும். பலர் அதை அழுக்கு என்று நினைத்துக் கடைக்காரரைக் கடிந்துகொள்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஸ்பைரோவும் ஜாகன்யியும் அதை ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருக்கும்போது, நீரின் மேல்மட்டத்தில் தேயிலைச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இந்தப் படலம் விளைகிறது என்று காட்டினார்கள். எலுமிச்சை பிழிந்தால் படலம் வராது, அமிலம் பைகார்பனேட்டை விரட்டிவிடும்.

மலைக்குப் போனால் தண்ணீரின் கொதிநிலையே மாறிவிடுகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் சுமார் 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. சமவெளியில் போடும் அதே தூளை அங்கே இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட்டால்தான் அதே கடுப்பு கிடைக்கும்.

பழைய கரி பாய்லர் வைத்திருக்கும் கடைகள் இப்போது குறைந்துவிட்டன. நடுவில் கனல் எரியும் குழாய், அதைச் சுற்றி வெந்நீர், மேலே பால் சட்டி. வெந்நீர் எந்நேரமும் கொதிநிலையை ஒட்டியே தயாராக இருக்கும் என்பதுதான் அதன் சிறப்பு. தூள் நிறைந்த துணிப்பை மேல் அந்த நீரை ஊற்றும்போது காஃபீனும் சிறிய மூலக்கூறுகளும் முதலில் ஓடி வருகின்றன. பெரிய மூலக்கூறுகள் பின்னால் மெதுவாக வருகின்றன. முதல் டிகாஷனில் சுறுசுறுப்பு இருப்பதும், அதே தூளில் மீண்டும் மீண்டும் வெந்நீர் ஊற்றி இறக்கும் டிகாஷன் நிறம் மட்டும் காட்டிச் சப்பென்று இருப்பதும் இதனால்தான். இறக்கிய டிகாஷனை மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்திருந்தால் தியாஃபிளேவின்கள் சிதைந்து பழுப்புச் சேர்மங்களாகிவிடும், மணமும் ஆவியாகிப் போய்விடும். கூட்டம் உள்ள கடையில் டீ நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். டிகாஷன் தேங்குவதற்குள் தீர்ந்துவிடுகிறது என்பதே அதற்கு முதல் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இப்போது பாலுக்கு வருவோம். துவர்ப்பை நம் முன்னோர் அறுசுவையில் ஒன்றாக வைத்தார்கள். நவீன உடலியல் அதைச் சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு என்றே பெரும்பாலும் கருதுகிறது. உமிழ்நீரில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாயின் உட்புறத்தை வழவழப்பாக வைத்திருப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. தேயிலைப் பாலிஃபீனால்கள் இந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளவைக்கின்றன. வழவழப்பு போய், நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. வாழைப்பூவும் நாவற்பழமும் தின்றபின் வாய் இழுத்துப் பிடிப்பதும் இதே வேலைதான்.

பாலிலுள்ள கேசீன் புரதத்திலும் புரோலின் மிகுதி. டிகாஷனோடு பால் கலந்தவுடன் பாலிஃபீனால்கள் கேசீனைப் பற்றிக்கொள்கின்றன. வாய்க்குள் வரும்போது உமிழ்நீர்ப் புரதத்தைப் பிடிக்க அவற்றுக்குக் கை மிச்சமிருப்பதில்லை. ஆக, லைட் டீ என்பது நீர்த்துப்போன டீ இல்லை, துவர்ப்பு பிணைக்கப்பட்ட டீ. ஸ்ட்ராங் டீயில் கேசீனின் பிடிக்கு அகப்படாமல் போதுமான பாலிஃபீனால் மிஞ்சுகிறது, அந்த மிச்சம்தான் நாக்கில் சுள்ளென்று தெரிகிறது. மாஸ்டர் டிகாஷன் குவளையைச் சாய்க்கும் கோணத்தில் தீர்மானிப்பது இந்த மிச்சத்தைத்தான். குமரி மாவட்டத்தில் கட்டன்சாயா குடிப்பவரும், இலங்கையில் பிளேன்டீ குடிப்பவரும் அந்தத் துவர்ப்பை எந்தக் கட்டும் இல்லாமல் நேராகச் சந்திக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் டிகாஷனை இளசாக எடுப்பதும், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியோ வெல்லமோ கடித்துக்கொள்வதும்.

பால் சேர்த்தால் டீயின் நன்மை போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2007-இல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 16 பெண்களிடம் சோதித்தார்கள். பால் சேர்க்காத கறுப்புத் தேநீர் அவர்களுடைய இரத்தக்குழாய் விரிவடையும் திறனைக் கூட்டியது, பால் சேர்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. கேசீன் கேட்டச்சின்களைக் கட்டிப்போடுவதே காரணம் என்றார்கள். சிறிய ஆய்வு அது. பாலிஃபீனால்கள் உடலில் சேர்வதைப் பால் தடுப்பதில்லை என்று சொன்ன வேறு ஆய்வுகளும் உண்டு. இதை வைத்துப் பால் டீயைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ‘உடம்புக்கு நல்லது’ என்ற நம்பிக்கையில் மட்டும் டீ குடிப்பவர், நாளைக்கு ஒன்றையாவது பாலில்லாமல் குடித்துப் பார்க்கலாம்.

பாலும் டிகாஷனும் சேர்ந்தபின் வருவது ஆற்றுதல். டீக்கடையில் நான் கண்கொட்டாமல் பார்ப்பது இதைத்தான். கை உயர உயர, டீ ஒரு நீண்ட இழையாக நீண்டு கீழ்க்குவளையில் விழுகிறது. இழை மெலியும்போது அதன் மேற்பரப்பு பல மடங்கு கூடுகிறது. காற்றுபடும் பரப்பு கூடினால் ஆவியாதல் கூடும். ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 540 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் டீயிலிருந்துதான் போக வேண்டும். 100 கிராம் டீயிலிருந்து ஒரே ஒரு கிராம் நீர் ஆவியானால், மிச்சமுள்ள டீயின் சூடு ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். நாலைந்து முறை ஆற்றுவதில் ஓரிரு கிராம் ஆவியாவது சாதாரணம். ஊதி ஊதிக் குடிக்க வேண்டிய அவசியம் அதனால் தீர்கிறது. விழும் வேகத்தில் காற்றுக் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. பால் புரதங்கள் அந்தக் குமிழிகளைச் சுற்றிப் படலமாக நின்று உடையாமல் காக்கின்றன. அதுதான் மேலே நிற்கும் நுரை. அடியில் கிடக்கும் சர்க்கரை கரைவதும் கரண்டியில்லாமலே முடிந்துவிடுகிறது.

ஆற்றுவதற்கு உடல்நலக் காரணம் ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. டீயோ காப்பியோ குற்றவாளி அல்ல, சூடுதான். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கும் ஈரானின் கொலெஸ்தான் பகுதியில் நடந்த ஆய்வுகள் இந்த முடிவுக்கு முக்கியமான ஆதாரம். பொத்தானை அழுத்தினால் நேராகக் கிளாஸில் கொட்டும் எந்திர டீயில் இந்த ஆற்றுதல் இல்லை. மாஸ்டர் தூக்கி ஆற்றிக் கொடுப்பதை வாங்குவதே மேல் என்று நான் சொல்வதற்குச் சுவை மட்டும் காரணமில்லை.

சூடான டீ எதில் வருகிறது என்பதும் முக்கியம். உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு கொண்ட காகிதக் கப்பில் 100 மில்லி சூடான திரவத்தை 15 நிமிடம் வைத்தால், சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் இந்தக் கப்பும் உண்டு. ஆனாலும் பல கடைகளில் அது புழங்குகிறது. கண்ணாடி கிளாஸைக் கேட்டு வாங்குங்கள்.

இஞ்சி டீயில் எதை எப்போது போடுவது என்ற வரிசை மிகவும் முக்கியம். பச்சை இஞ்சியில் சிஞ்சிபெயின் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டும். தென்சீனத்தின் குவாங்டோங் பகுதியில் மிதமான சூட்டிலுள்ள பாலை இஞ்சிச்சாற்றில் ஊற்றி, தயிர்போல உறையவைத்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே வேண்டுமென்று செய்வது நம் டீக்கடையில் நடந்தால் பால் திரிந்தது என்று கொட்ட வேண்டியதுதான். நொதி சூட்டைத் தாங்காது. அதனால்தான் தட்டிய இஞ்சியைக் கொதிக்கும் நீரிலேயோ தளதளவென்று பொங்கும் பாலிலேயோ போடுகிறார்கள். வெதுவெதுப்பான பாலில் போட்டுவிட்டு மெதுவாகச் சூடேற்றினால், நொதிக்குப் பிடித்தமான வெப்பத்தை டீ நிதானமாகக் கடந்து போகும். வீட்டில் இஞ்சி டீ திரிந்துபோவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற சேர்மத்தால் வருவது. கொதிக்கவைத்தால் அதில் ஒரு பகுதி ஜிஞ்சரோனாக மாறி, காரம் தணிந்து இனிய மணமாகிறது. உலர்த்திச் சுக்காக்கினால் வேறு வழியில் போகிறது. ஜிஞ்சரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது, அதன் காரம் ஜிஞ்சராலைவிட இரு மடங்குக்கும் மேல். சிறு துண்டு சுக்கு தொண்டையில் ஏறும் வேகத்துக்கு இதுவே காரணம். இஞ்சி, மிளகு, மிளகாய் மூன்றின் காரமும் நரம்பு முனையிலுள்ள ஒரே உணர்வியைத்தான் தூண்டுகிறது. அந்த உணர்வி உண்மையில் சூட்டை உணர்வதற்கானது, 43 டிகிரி வாக்கில் விழித்துக்கொள்ளும். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே சூட்டிலுள்ள இரண்டு கிளாஸில் இஞ்சி டீ மட்டும் அதிகம் சுடுவதுபோல் இருப்பதும், மழைநாளில் அதைக் குடித்தால் உடம்பு கதகதப்பதும் வெறும் மனப்பிரமை இல்லை.

ஏலக்காய் காரத்தில் கலந்துகொள்வதில்லை, அது முழுக்க மணம். அதன் எண்ணெயில் சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் முதன்மையானவை. இரண்டும் எளிதில் பறந்துவிடக் கூடியவை. காலையிலேயே பொடித்து டப்பாவில் வைத்த ஏலக்காய் மாலைக்குள் பாதி உயிரை விட்டுவிடும். இறக்கும் நேரத்தில் தட்டிப்போடும் கடையே ஏலக்காய் டீக்குச் சரியான கடை.

லெமன் டீ வாங்கும்போது கிளாஸையே பாருங்கள். கருஞ்சிவப்பு டிகாஷனில் எலுமிச்சை விழுந்த கணத்தில் நிறம் வெளிறிப் பொன்னிறமாகிறது. நீர்த்ததால் வந்த மாற்றமில்லை இது. தியாஃபிளேவினும் தியாரூபிஜினும் மென்மையான அமிலங்கள். ஹைட்ரஜன் அயனியை இழந்த நிலையில் அடர்நிறமாகவும், பெற்ற நிலையில் வெளிர்நிறமாகவும் இருக்கும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் அந்த அயனியை அள்ளிக் கொடுக்கிறது. எதிர்த்திசையில், ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் டிகாஷன் கருத்துவிடும். குறைந்த தூளில் அதிக நிறம் காட்ட நினைக்கும் சிலர் இதைச் செய்வதுண்டு. அப்படிப்பட்ட டீயில் நிறம் இருக்கும், நாக்கில் வழுவழுவென்ற ஒரு சோப்புச் சுவையும் இருக்கும்.

எலுமிச்சையும் பாலும் சேராததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாலின் அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 6.7 வாக்கில். 4.6-க்கு இறங்கினால் கேசீன் திரண்டுவிடும். சூடு அதிகமாக இருந்தால் அவ்வளவு இறங்குமுன்பே திரிந்துவிடும். கருப்பட்டி டீயில் மாஸ்டர் எச்சரிக்கையாக இருப்பதும் இதனால்தான். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் அமிலத்தன்மையும் உப்புகளும் உண்டு. கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் பால் திரியும். கருப்பட்டியைத் தனியே பாகாக்கி வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பின் கலக்கிறார்கள்.

கிரீன் டீ மட்டும் நம் டீக்கடைக்கு இன்னும் பழகவில்லை. அதன் கேட்டச்சின்கள் உருமாறாமல் முழுசாக நிற்பவை. கொதிநீர் அவற்றை ஒரேயடியாக இறக்கிவிடும், கசப்பும் துவர்ப்பும் மிஞ்சும். ஜப்பானியர்கள் பெரும்பாலும் 70, 80 டிகிரி நீரில்தான் போடுகிறார்கள். பாய்லர் வெந்நீரை முதலில் கிளாஸில் வாங்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் டீ பையைப் போட்டுப் பாருங்கள். அதில் தியனின் என்ற அமினோ அமிலத்தின் இதமான ருசி அப்போதுதான் மேலே வரும். அந்தத் தியனின் செடியின் வேரில் உருவாகித் தளிருக்கு ஏறி வருவது.

மாலை மங்கியபின் டீ குடிக்கத் தயங்குபவர்களின் கவலை காஃபீன் பற்றியது. உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் சேர்ந்து உறக்கம் வரவழைக்கும். காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது. பெரும்பாலோருக்கு உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினோரு மணிக்கும் உள்ளேதான் இருக்கும். காப்பித்தூள் சேர்க்காத சுக்கு மல்லி காபிக்கு இந்தக் கவலை கிடையாது. கொத்தமல்லி விதையின் மணத்துக்கு முதல் காரணமான லினலூல், நீலகிரியின் குளிர்காலத் தேயிலையில் வரும் பூமணத்திலும் இருக்கிறது. ராத்திரிக் கடையில் ஒரு சுக்கு மல்லி வாங்கி முகர்ந்து பார்த்தால், இரண்டும் எங்கோ உறவென்று தெரியும்.

ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். உமிழ்நீர்ப் புரதத்தையும் கேசீனையும் பற்றும் அதே பாலிஃபீனால்கள் இரும்புச்சத்தையும் பற்றிக்கொள்ளும். கீரை, பருப்பு, சிறுதானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பு குடலில் சேர்வதை, சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை டீ பாதிக்கும் மேல் குறைத்துவிடும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இறைச்சியிலுள்ள இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு. 2019–21-இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. காலையில் இட்லியோடு டீ, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு டீ என்பது நம் வீடுகளில் வழக்கம். அதிலும் வேலைக்கு ஓடும் பெண்கள் பலருக்குப் பசியை அடக்கும் சாப்பாடே ஒரு டீயும் பன்னும்தான். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டாலே இந்தத் தடை பெருமளவு குறைகிறது. சாப்பாட்டில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால், அவற்றின் வைட்டமின் சி இரும்பைக் கரைந்த நிலையில் வைத்துக் குடலுக்குக் கொடுக்கும். பத்தரை மணிக்கும் நாலு மணிக்கும் கடைப் பக்கம் நடந்துபோய்க் குடிக்கும் டீ, இந்தக் கணக்கில், சாப்பாட்டு மேசையில் குடிக்கும் டீயைவிட நல்லது. கர்ப்பிணிகளும், இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் மாத்திரையை டீயோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்கி, டீயைப் பிறகு குடிக்க வேண்டும்.